பற்றாத லைற்றர்

போன வாரம் மயூரதனை நாங்கள் விட்டுவந்தபோது அவன் நல்ல கோலத்தில் இல்லை. இரண்டு கண்ணிலும் உருளைக்கிழங்கு வட்டங்களை ஒட்டிக்கொண்டு, புதுவீட்டின் முன்புறப் போட்டிக்கோவில் பாய் விரித்து மல்லாந்து கிடந்தான். பதினொரு வருடம் கட்டாரில் வெல்டிங் செய்தவன், சொந்த வீட்டு வாசல் படலைக்கு முதல் கம்பியை ஒட்டும்போதே கண்ணில் வெளிச்சம் அடிபட்டு விழுந்தால் புத்தூர் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அவன் மனைவி உதயகலா மட்டும் சிரிக்கவில்லை. கிழங்கு சீவிக் கொடுத்தாள். பிறகு ஒரு சட்டம் போட்டாள்.

"கண்ணுக்கு ஒரு வழி செய்யாமல் நீங்கள் இனி அந்த வெல்டிங் பிளான்ற்றைத் தொடக்கூடாது."

வழி என்று அவள் சொன்னது, தானாக இருளும் ஹெல்மெற்றை.

இந்த வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய முறையில் ஒரு கையில் கம்பி, மறு கையில் கறுப்புக் கண்ணாடி. நெருப்பு எரிந்தால்தான் அந்தக் கண்ணாடிக்குள்ளால் ஏதும் தெரியும். எரியாவிட்டால் அமாவாசை. ஆகவே வெறுங்கண்ணால் இடம் பார்த்து, கம்பியைக் கிட்டக் கொண்டுபோய், தொடுகிற கணத்தில் கண்ணாடியை முகத்துக்கு இழுக்கவேண்டும். இழுப்புப் பிந்தினால் உருளைக்கிழங்கு. தானாக இருளும் ஹெல்மெற்றில் இந்தக் கரைச்சல் இல்லை. சும்மா இருக்கும்போது இடம் தெரியும், நெருப்பைக் கண்டதும் கண்ணாடி தானே கறுத்துவிடும்.

உதயகலா கணித ரீச்சர். கண்டதும் வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மூன்று நாள் யூரியூப் பார்த்து, கொப்பி ஒற்றை ஒன்றில் ஏழு கேள்விகளை இலக்கம் போட்டு எழுதிவைத்திருந்தாள்.

மயூரதனுக்கு அது பகிடியாக இருந்தது.

"ஒரு படலை, ரெண்டு யன்னல் கிறில், ஒரு கோழிக்கூடு. உதுக்கு ஏன் கலா கப்பல் கட்டிறவன் போடுற சாமான்?"

"கப்பல் கட்டிறவனுக்கும் ரெண்டு கண்தான், உங்களுக்கும் ரெண்டு கண்தான்."

அவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதை உதயகலா அன்றைக்குக் கவனிக்கவில்லை. நாங்களும்தான் கவனிக்கவில்லை.

புதுவீட்டில் குடியேறுகிற குடிபூரலுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று, தரைக்கு மாபிள் போட்டாயிற்று. வாசலில் மட்டும் பழைய தகரப் படலை ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஆள் பிடித்துச் செய்விக்கலாம் என்று உதயகலாவின் தகப்பனார் சொல்லிப் பார்த்தார். மயூரதன் கேட்கவில்லை. "ஊரெல்லாம் ஒட்டின எனக்கு என்ரை வீட்டுப் படலையை இன்னொருத்தன் ஒட்டித் தாறதோ?" என்று ஒரே பிடியாக நின்றான்.

சனிக்கிழமை காலை ஹெல்மெற் வாங்க அவர்கள் இரண்டு பேரும் வெளிக்கிட்டபோது மகள் ஆரணி போட்டிக்கோவில் குந்தியிருந்தாள். உயர்தரச் சோதனை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறவள். அவளுக்கு முன்னால் படலைக்கான இரும்புக் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. வெட்டவேண்டிய இடங்களில் மஞ்சள் சோக்கால், விரல் தடிப்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தடிப்பாக் கீறினால் அளவு பிழைக்காதோ?" ரீச்சர் கேட்டாள்.

"அப்பாவுக்கு இப்பிடித்தானம்மா வசதி," என்றாள் ஆரணி, தலை நிமிராமல்.

"அவள்தான் என்ரை போர்மன். நான் சொல்லுக் கேக்கிற ஆள்," என்று மயூரதன் சிரித்தான்.

உதயகலாவுக்கு மனம் குளிர்ந்தது. தகப்பனைத் தொலைபேசிக்குள்ளேயே கண்டு வளர்ந்த பிள்ளை. இந்த ஆறு மாதத்தில் இரண்டு பேரும் இப்படி ஒட்டிக்கொண்டது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

ஸ்கூட்டியை உதயகலாதான் ஓட்டினாள். மயூரதன் வந்த நாளிலிருந்து அப்படித்தான். "அங்கை றோட்டிலை மற்றப் பக்கத்தாலை ஓடுறது. இஞ்சை ஏறினால் கை தன்ரை பாட்டிலை வலப்பக்கம் இழுக்குது," என்று சொல்லியிருந்தான். நியாயமான கதை. அவள் நம்பினாள்.

கிறிஸ்ரோபரின் வெல்டிங் சாமான் கடை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், சாமானைவிடக் கதை கூடுதலாக வைத்திருக்கிற ஆள். மூன்று ஹெல்மெற்றுகளை மேசையில் பரப்பினார்.

உதயகலா கேள்வி எழுதின ஒற்றையை விரித்தாள்.

"நெருப்பைக் காணுற சென்சர் எத்தினை?"

"இதிலை ரெண்டக்கா, இதுகளிலை நாலு. வீட்டுப் பாவனைக்கு ரெண்டு தாராளமாக் காணும்."

"படலை மூலைக்குள்ளை தலையைக் குடுத்து ஒட்டேக்கை ஒண்டைக் குழாய் மறைச்சால்? மற்றதைக் கை மறைச்சால்?"

கிறிஸ்ரோபர் மயூரதனைப் பார்த்தார். "அண்ணை, அக்கா முந்தி எங்கை வேலை செய்தவ?"

"பள்ளிக்கூடத்திலை. அங்கை இதைவிட நெருப்புக் கூட."

இரண்டு சென்சர் ஹெல்மெற் மேசையிலிருந்து இறங்கியது.

"பற்றறி மாத்தலாமோ, இல்லாட்டி உள்ளுக்கை வைச்சு மூடினதோ?"

"இது வெயில் தகட்டிலை ஓடும், உள்ளுக்கை பற்றறியும் இருக்கு. ஆனா மூடினது. அது செத்தால் ஹெல்மெற்றும் சேர்த்துத்தான். மற்றது மாத்தலாம், மணிக்கூட்டுப் பற்றறி மாதிரி, எங்கையும் வாங்கலாம்."

"இருட்டு எவ்வளவு?"

"ஒன்பதாம் இலக்க இருட்டிலை இருந்து பதின்மூண்டு மட்டும் திருகலாம். உங்கடை சின்னப் பிளான்ற்றுக்குப் பத்து, பதினொண்டு காணும். சும்மா இருக்கேக்கை மங்கல் பச்சையா இடம் தெரியும். போட்டுப் பாருங்கோவன்."

முதலில் உதயகலாவே போட்டாள். தலைப்பட்டையின் திருகை இறுக்கியதும் உலகம் பாசிக் குளத்துத் தண்ணீர்போலப் பச்சையானது. கிறிஸ்ரோபரின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அவர் கண்ணாடிக்கு முன்னால் லைற்றரைத் தட்டினார். சுடர் எழுந்த அதே கணத்தில் எல்லாம் கறுத்து, சுடர் மட்டும் சின்னப் புள்ளியாக நின்றது. அவள் கண் இமைக்கக்கூட இல்லை. இந்தச் சாமானைக் கண்டுபிடித்தவனுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் என்று நினைத்தாள்.

"இப்ப நீங்கள் போடுங்கோ," என்று புருசனிடம் நீட்டினாள்.

மயூரதன் போட்டான். கிறிஸ்ரோபர் லைற்றரைத் தட்டினார். 'கிளிக்' என்றது.

"ஓம். இருண்டிட்டுது," என்றான் மயூரதன். "நல்ல சாமான்."

லைற்றர் பற்றவில்லை. தட்டின சத்தம் மட்டும்தான். உதயகலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுடரும் இல்லை, கண்ணாடியும் கறுக்கவில்லை.

கிறிஸ்ரோபர் சிரித்தார். "அண்ணை, இன்னும் பத்தவேயில்லை."

பிறகு அவனும் சிரித்தான். "தெரியும். பகிடிக்குச் சொன்னனான்."

கடைக்காரருக்கு அது பகிடி. இருபது வருடம் ஒருவனோடு குடும்பம் நடத்தினவளுக்கு அவன் பகிடிக் குரலும் தெரியும், பகிடி இல்லாத குரலும் தெரியும். நாலு சென்சர், மாற்றக்கூடிய பற்றறி. அதையே கட்டச் சொன்னாள்.

"வேலை தொடங்க முன்னம் ஒவ்வொருநாளும் ஒருக்காச் சோதியுங்கோ," என்று கிறிஸ்ரோபர் பெட்டியைக் கொடுத்தார். "லைற்றர் தேவையில்லை. ரீவி றிமோட்டை நேரை பிடிச்சு அமத்தினாலும் இது கறுக்கும்."

திரும்புகிற வழி முழுவதும் மயூரதன் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டே வந்தான். படலைக்கு மேலே சூரியக் கதிர் வைக்கலாமா, வேல் வைக்கலாமா என்று கேட்டான். உதயகலா "ம்" போட்டாள். அவள் தலைக்குள் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வட்ஸ்அப்பில் அவன் எழுதுவதில்லை, குரலில்தான் அனுப்புவான். சோம்பேறித்தனம் என்று ஏசியிருக்கிறாள். கடிதம் வந்தால் "நீர் வாசியும்" என்பான். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். தேத்தண்ணியை ஊற்றும்போது கோப்பை விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் ஊற்றுவான். ஸ்கூட்டி. விரல் தடிப்பில் மஞ்சள் கோடு. தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சேர்த்துக் கூட்டினால் வருகிற விடையை அவளுக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து நாலு மணியளவில் அவன் பெட்டியைப் பிரித்தான். புதுச் சட்டை கிடைத்த பிள்ளைபோல ஹெல்மெற்றைத் தலையில் மாட்டி, திருகை இறுக்கி, போட்டிக்கோ நடுவில் வந்து நின்றான்.

"றிமோட்டைக் கொண்டுவாரும். ரீச்சர் சோதனை எடுக்கட்டும்."

அவள் றிமோட்டோடு வந்து முன்னால் நின்றாள். வகுப்பில் பார்த்தெழுதுகிற பிள்ளையைப் பிடிக்கிற மாதிரிப் புருசனைப் பிடிக்கப்போகிறோம் என்பது அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் தெரியவேண்டும். தெரியாமல் இனி இருக்க முடியாது.

"இப்ப?" என்று பொத்தானை அமத்தினாள். கண்ணாடி கறுத்தது.

"ஓம். இருண்டிட்டுது."

கறுப்பு விலகும்வரை நின்றாள். பெருவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள்.

"இப்ப?"

"ஓம்."

மூன்றாம் தரம் அவள் வாய் திறக்கவில்லை. சத்தமில்லாமல் அமத்தினாள். அவனுடைய முகத்துக்கு முன்னால் கண்ணாடி கறுத்தது, விலகியது, மறுபடி கறுத்தது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் கேட்பாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

உதயகலா குழாய் அடுக்கின்மேல் இருந்துவிட்டாள்.

"ரெண்டாந்தரம் நான் அமத்தேல்லை," என்றாள். "மூண்டாந்தரம் அமத்தினனான்."

அவன் கை ஹெல்மெற்றின் திருகுவரை போய் அங்கேயே நின்றது.

"கழட்டுங்கோ அதை."

"கொஞ்சம் பொறும்," என்றது உள்ளிருந்து வந்த குரல். "இதுக்குள்ளை நிண்டால் கதைக்க லேசாக் கிடக்கு."

அவள் பொறுத்தாள்.

"கடையிலையே கண்டிட்டீர், என்ன?"

"ஓம்."

"எனக்கு இதுக்குள்ளை எப்பவும் இருட்டுத்தான் கலா. அந்தப் பச்சையும் இருட்டு, கறுப்பும் இருட்டு. சத்தத்தை வைச்சுத்தான் சொன்னனான்." மூச்சை இழுத்துவிட்டான். "கட்டாரிலை வேலை முடிஞ்சு வந்தது எண்டு சொன்னது பொய். வருசா வருசம் மெடிக்கல் வைப்பாங்கள். போன ரெண்டு வருசமும் எழுத்து அட்டையைப் பாடமாக்கி வைச்சுச் சொல்லித் தப்பிட்டன். இந்த வருசம் அட்டையை மாத்திப்போட்டாங்கள்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அழுகைதான் வென்றது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் ஆர் உங்களுக்கு?"

"சொல்லத்தான் நினைச்சனான். பிளேனாலை இறங்கி வரேக்கை நீர் ஓடிவந்து என்ரை கையைப் பிடிச்சீர். அப்ப வாய் வரேல்லை." ஹெல்மெற் கொஞ்சம் குனிந்தது. "பதினொரு வருசம் நான் அங்கை என்ன செய்தனான் எண்டு உமக்குத் தெரியுமோ? காசு வந்தது, அது தெரியும். நான் ஒட்டினதை நீர் ஒருநாளும் கண்டதில்லை. ஒருக்கா, ஒரேயொருக்கா, உம்மடை கண்ணுக்கு முன்னாலை ஒரு படலையை ஒட்டிப்போட்டு, பேந்து சொல்லுவம் எண்டு இருந்தன்."

கோபம் அவளுக்குள் நிறைய இருந்தது. ஆறு மாதத்துக் கோபம் ஒரே நேரத்தில் வந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணாடியில் தன் முகமே தெரிவதைப் பார்த்துக்கொண்டு அவளால் ஏச முடியவில்லை.

எழுந்து போய்த் திருகைத் தளர்த்தி, ஹெல்மெற்றை அவளே கழற்றினாள். அவனுடைய கண்கள் சிவந்து, நனைந்திருந்தன. பார்வை அவளுடைய முகத்தில் இல்லை, காதடியில் எங்கேயோ நின்றது. இத்தனை நாளும் இதைக் கூச்சம் என்று நினைத்திருந்தாள்.

"தகரப் படலையோடை குடிபூருவம்," என்றாள். "சரிஞ்சு கிடந்தாலும் பரவாயில்லை. எனக்குப் படலை வேண்டாம், உங்கடை கண் வேணும். திங்கட்கிழமை லீவு போட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறம்."

"அவ்வளவு அவசரம் இல்லை," என்று அவன் அவளுடைய கையைத் தேடிப் பிடித்தான். சொல்லிமுடித்த ஆறுதலில் முகம் வெளித்திருந்தது. "பயப்பிடாதையும். கண்ணிலை புரைதானாம். அந்த மெடிக்கல் கடதாசி முழுக்க இங்கிலீசு, அதுவும் பொடி எழுத்து. வைகாசியிலை ஆரணியைக் கொண்டு வாசிப்பிச்சனான். புரை எண்டுதான் போட்டிருக்காம். வெட்டினால் முந்தின மாதிரித் தெரியுமாம். குடிபூரல் முடிய ஆறுதலாப் போவம்."

உதயகலாவின் நெஞ்சில் ஏறியிருந்த கல் ஒன்று இறங்கியது. புரை என்றால் புரை. அவளுடைய தாய்க்கு இரண்டு கண்ணும் வெட்டினது, இப்போது ஊசியில் நூல் கோக்கிறா. அதே நேரம் இன்னொன்று குத்தியது. மகளுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். வீட்டில் தெரியாதவள் தான் ஒருத்திதான்.

"கடதாசி எங்கை?"

"அவளிட்டைத்தான்."

உள்ளே ஆரணி கட்டிலில் இருந்தாள். யன்னல் போட்டிக்கோப் பக்கம் திறந்திருந்தது. எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது. தாய் கையை நீட்டினாள். பிள்ளை உயிரியல் புத்தகத்துக்குள்ளிருந்து நாலாக மடித்த கடதாசியை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தா பிள்ளை."

"ஏசமாட்டீங்களோ?"

"ஏசிறது பேந்து. தா."

"அம்மா," என்றாள் ஆரணி. "நான் முதலாவது வரியை மட்டும்தான் அப்பாவுக்கு வாசிச்சனான்."

உதயகலா கடதாசியை விரித்தாள். முதலாவது வரி புரையைத்தான் சொன்னது, இரண்டு கண்ணிலும். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வலது கண்ணின் உள்ளே, விழித்திரையின் நடுவில், வெளிச்சத்தால் எரிந்த வடு. இடது கண்ணிலும் சந்தேகம். தாமதிக்காமல் விசேட வைத்தியரிடம் காட்டவும். 'தாமதிக்காமல்' என்ற சொல்லின் கீழே யாரோ பேனையால் கோடு இழுத்திருந்தார்கள். மேலே திகதி, பெப்ரவரி மாதம்.

"வாசிச்சு முடிக்க முன்னம் கேட்டவர், வெட்டினால் சரிவருமோ எண்டு," ஆரணி சொன்னாள். "அவற்றை முகத்தைப் பாத்திட்டு ஓம் எண்டிட்டன். அண்டைக்கு எவ்வளவு சந்தோசப்பட்டவர் தெரியுமோ? நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு... பிறகு சொல்லவே ஏலாமல் போச்சு. அதாலைதான் கோடாவது பெரிசாக் கீறிக் குடுப்பம் எண்டு..."

தகப்பனும் மகளும் ஒரே அச்சு. இரண்டு பேரும் அன்பில்தான் ஒளித்தார்கள். அந்த அன்பு பெப்ரவரியிலிருந்து ஆறு மாதத்தைத் தின்றுவிட்டது. உதயகலா பிள்ளையின் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

வெளியே ஹெல்மெற்றின் திருகு கிறுகிறென்று இறுகுகிற சத்தம் கேட்டது. பிறகு மயூரதனின் குரல். இந்த ஆறு மாதத்தில் அவள் கேட்காத அளவு லேசாக இருந்தது.

"கலா, அந்த றிமோட்டை எடுத்துக்கொண்டு வாரும். இன்னொருக்காச் சோதிப்பம். இந்தமுறை தெரிஞ்சதை மட்டும் சொல்லுறன்."